அரை மைல் சுவரும் அப்பாவின் சதுர அடிக் கணக்கும்

லாஸ் ஏஞ்சலிஸின் வேன் நைஸ் பகுதிக்குக் குடிவந்து மூன்று ஆண்டுகளாக, கோல்ட்வாட்டர் கேன்யன் சாலை வழியாகத்தான் வேலைக்குப் போய்வந்தேன். அந்தச் சாலையை ஒட்டியே அரை மைல் நீளத்துக்கு ஓர் ஓவியம் இருக்கிறது என்பது அவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது. அது சாலை மட்டத்துக்குக் கீழே, வெள்ளநீர் வடிவதற்காகக் கட்டப்பட்ட டுஹங்கா வாஷ் என்ற கான்கிரீட் வாய்க்காலின் உட்சுவரில் தீட்டப்பட்டிருக்கிறது. காரில் போகிறவர் கண்ணில் படாது, இறங்கிப்போய்க் கம்பி வேலியோரம் நின்றால்தான் தெரியும். 2024 ஏப்ரலில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். காலை நடைக்கு நிழலுள்ள பாதையாகத் தேடிக்கொண்டு போனபோது, என்னை முந்திக்கொண்டு அவர்தான் அதைக் கண்டுபிடித்தார்.

அப்பா மணப்பாறையில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகும், எந்தச் சுவரைக் கண்டாலும் ஒருமுறை கையால் தட்டிப் பார்க்காமல் அவருக்கு நகர முடியாது. அன்று வேலி தடுத்ததால் தட்டிப்பார்க்க முடியவில்லை. பதிலாக, வேலிக்கம்பியைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் பேசாமல் நின்றுவிட்டு, “ஏம்மா, இந்தச் செவுருக்கு எத்தன கோட்டு அடிச்சிருப்பாங்க?” என்று கேட்டார். ஓவியம் எதைச் சொல்கிறது, யார் வரைந்தது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். எனக்கோ அந்தக் கேள்விக்கும் விடை தெரியாது, மற்றவற்றுக்கும் தெரியாது. அன்றிரவு படிக்கத் தொடங்கியவள் இன்னும் நிறுத்தவில்லை.

‘லாஸ் ஏஞ்சலிஸின் பெருஞ்சுவர்’ என்று அழைக்கப்படும் இதன் நீளம் 2,754 அடி, உயரம் பதின்மூன்றரை அடி. இதை உருவாக்கிய ஜூடி பாக்கா 1946இல் இதே நகரில் பிறந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண். தெற்கே வாட்ஸ் பகுதியில் பாட்டியும் அம்மாவுமாகப் பெண்களே நிறைந்த வீட்டில் பிறந்து, அம்மாவின் மறுமணத்துக்குப் பிறகு ஆறு வயதில், என் வீட்டுக்கு வடக்கே இருக்கும் பக்கோய்மாவுக்கு வந்தவர். பள்ளியில் ஸ்பானிய மொழி பேசத் தடை. ஆங்கிலமோ அவருக்கு வராது. பாடம் புரியாத அந்தச் சிறுமியை ஆசிரியர் ஒரு மூலையில் உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னாராம். அது தண்டனையா சலுகையா என்று இன்றைக்கும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

படிப்பை முடித்து ஓவிய ஆசிரியையாகச் சேர்ந்த பள்ளி, வியட்நாம் போருக்கு எதிரான போராட்டத்தில் கலந்துகொண்டதற்காக அவரை வெளியேற்றியது. பிறகு நகராட்சியின் பூங்காத் துறையில் சேர்ந்து, கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் பூங்காக்களில் ஓவியம் கற்பிக்கப் போனார். அங்கே ஒரு தெருவின் பையன் அடுத்த தெருவில் கால்வைக்க முடியாத அளவுக்குக் கும்பல் பகை இருந்தது. ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்த நான்கு கும்பல்களிலிருந்து இருபது பேரைச் சேர்த்து, சண்டை வந்தால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளக் காவலுக்கும் ஆள் நிறுத்தி, ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடையில் 1970இல் அவர் தீட்டிய முதல் சுவரோவியம், இரு கைகளையும் விரித்து நிற்கும் ஒரு பாட்டியின் உருவம். கொள்கை முழக்கம் எதுவும் இல்லாமல், எல்லார் வீட்டிலும் இருக்கும் ஒரு கிழவியை வரைந்ததுதான் அவருடைய சாமர்த்தியம் என்பேன். பாட்டியின் முகத்தில் கரி பூச எந்தக் கும்பல்காரனுக்குத் துணிச்சல் வரும்?

1974இல் நகரம் முழுவதற்குமான சுவரோவியத் திட்டத்தை அவர் தொடங்கினார். அதே காலத்தில்தான் அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவு இந்த வாய்க்காலுக்காக அவரை அணுகியது. 1938ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றையும் அதில் கலக்கும் ஓடைகளையும் கான்கிரீட் தொட்டிகளாக மாற்றியது அந்தப் பிரிவுதான். ஆற்றங்கரையில் மணலும் நாணலும் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சரிவுகளும் செங்குத்துச் சுவர்களும் எழும்பின. ஆறு ஓடிய இடத்தில் கான்கிரீட் ஒரு தழும்பாகக் கிடக்கிறது, இந்த ஓவியம் அந்தத் தழும்பின்மேல் குத்திய பச்சை என்று பாக்கா சொல்வதுண்டு. ஊரில் தழும்பை மறைக்கப் பச்சை குத்திக்கொண்ட பெரியம்மாக்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த உவமை வேறெவருக்கும் புரிவதைவிடச் சற்று அதிகமாகவே புரிந்தது.

1976 கோடையில் வேலை தொடங்கியது. பத்து ஓவியர்கள், ஐந்து வரலாற்றாசிரியர்கள், இவர்களோடு நீதித்துறை வழியாக அனுப்பப்பட்ட எண்பது இளைஞர்கள் சேர்ந்து, அந்த ஒரே கோடையில் முதல் ஆயிரம் அடியை முடித்தார்கள். பிறகு 1978, 1980, 1981, 1983 ஆகிய கோடைகளில் சுவர் மேலும் மேலும் நீண்டது. மொத்தத்தில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இதில் உழைத்திருக்கிறார்கள். பதினான்கு வயது முதல் இருபத்தொரு வயது வரையிலான அவர்களுக்கு இது தொண்டு வேலை அல்ல, கோடைக்காலக் கூலி வேலை. அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் திருப்தியோடு தலையசைத்தார். ‘சேவை’ என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைத்தவர்களிடம் அவர் ஏகப்பட்டது பட்டிருக்கிறார்.

அவருடைய அடுத்த கேள்வி மழையைப் பற்றியது. வாய்க்கால் வாய்க்காலாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மலையிலிருந்து வரும் வெள்ளம் இதே சுவரைத் தேய்த்துக்கொண்டு ஓடும். அதனால்தான் வேலை கோடைகளில் மட்டும் நடந்தது. வெயிலும் கீழ்த்தளக் கான்கிரீட்டிலிருந்து எழும் அனலும் ஒருபுறம், வெள்ளம் மறுபுறம் என்று இருந்தும், பத்தாண்டுகள் இருபதாண்டுகள் கழித்துப் படம் நின்றதென்றால் அடித்தளப் பூச்சில் குறை வைக்கவில்லை என்று பொருள். வெளுத்த இடங்களையும் உதிர்ந்த இடங்களையும் 2011இல் திரும்பத் தீட்டிச் சீர்செய்திருக்கிறார்கள். 2017இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலிலும் இது சேர்ந்தது.

சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோட்டை ஏற்றுவதுதான் அவர்களுடைய முறை. சாயப்பொடி தோய்த்த நூலை இருவர் இருமுனையில் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒருவர் நூலைத் தூக்கிவிட்டால் சுவரில் நேர்க்கோடு விழும். அப்பாவின் கடையில் அதை நூல் அடிப்பது என்பார்கள். விடுமுறை நாள்களில் ஒரு முனையைப் பிடிக்கும் வேலை என்னுடையதாக இருந்தது. விரல் சற்றுத் தளர்ந்தாலும் எழுத்து வரிசை முழுவதும் ஒரு பக்கம் சரிந்துவிடும் என்பதால் அந்த வேலையில் நான் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. எண்பது பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படித் திட்டு வாங்கியிருப்பார்கள் என்று எண்ணியபடியே சுவரோரம் நடந்தேன்.

முதல் ஆயிரம் அடியில் லா பிரேயாவின் தார்க்குழிகளில் புதைந்துபோன பழங்கால விலங்குகளும் சூமாஷ் பழங்குடியினரின் உலகமும் ஸ்பானியர் வருகையும் தனித்தனிக் காட்சிகளாக நிற்கின்றன. ஒவ்வொரு பகுதியையும் வெவ்வேறு ஓவியர் தம் குழுவுடன் வரைந்தார்கள் என்பதால் ஒட்டுப்போட்ட துணிபோலத்தான் இருக்கிறது. 1977இல் மெக்சிகோவுக்குப் போய், சுவரோவிய மேதை சிகெய்ரோஸின் பட்டறையில் பயின்று திரும்பிய பாக்கா, அடுத்த கோடையிலிருந்து வடிவமைப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு காட்சியின் சாலை அடுத்த காட்சியின் ஆறாகிறது, ஒருத்தியின் கூந்தல் மலைத்தொடராகிறது என்பதுபோல் சுவர் ஓடத் தொடங்குகிறது. விமர்சகர்கள் பிந்தியதையே கொண்டாடுகிறார்கள், அது நியாயம்தான். ஆனாலும் கைநடுக்கம் தெரியும் அந்த முதல் ஆயிரம் அடியை விட்டு என் கண் எளிதில் நகரவில்லை.

ஓடும் பகுதியில் நான் அதிக நேரம் நின்ற இடம் 1950களைக் காட்டும் காட்சி. மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு நெடுஞ்சாலைகள் போடப்பட்டதை, பாம்புகளாக நெளியும் மேம்பாலத் தூண்களாக வரைந்திருக்கிறார்கள். அந்தத் தூண்கள் ஒரு குடும்பத்தையே சுற்றி வளைத்து, ஒருவரை ஒருவர் தொட முடியாமல் பிரிக்கின்றன. பக்கத்திலேயே சாவேஸ் ரவீன் என்ற மேட்டுக் குடியிருப்பின்மீது பேஸ்பால் மைதானம் ஒன்று பறக்கும் தட்டுபோல் இறங்குகிறது. கீழே ஒரு பெண்ணைக் காவலர்கள் வீட்டிலிருந்து இழுத்துப்போகிறார்கள். பொதுக் குடியிருப்பு கட்டித்தருவதாகச் சொல்லி மக்களை வெளியேற்றிய அந்த மேட்டில், 1962இல் திறக்கப்பட்டது டாட்ஜர்ஸ் அணியின் மைதானம். போன ஆண்டு அலுவலக நண்பர்களோடு அங்கே போய்ச் சோளப்பொரி தின்றுகொண்டு ஆட்டம் பார்த்தவள் நான்.

அதற்கு முன்னால், இரண்டாம் உலகப்போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களும், 1943இல் நடுத்தெருவில் கடற்படையினரால் உடை உரித்தெறியப்பட்ட மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும் வருகிறார்கள். போர்க்காலத்தில் ஆலைகளில் வேலை பார்த்த பெண்களின் அடையாளமான ரோசி, போர் முடிந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உறிஞ்சப்படும் காட்சியைப் பார்த்து அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அம்மா இருந்திருந்தால் சிரித்திருக்கமாட்டாள் என்று அவரே உடனே சொல்லவும் செய்தார்.

அந்த வாரக் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டி கலை அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 அக்டோபரில் தொடங்கிய பாக்காவின் கண்காட்சி அப்போதும் நடந்துகொண்டிருந்தது. சட்டகம் மாட்டிய படங்களை எதிர்பார்த்துப் போன எனக்கு வியப்பு. கண்காட்சிக் கூடத்தையே அவர்கள் பட்டறையாக்கியிருந்தார்கள். 1964ஆம் ஆண்டு வரலாற்றோடு நின்றுபோன சுவரை இன்றுவரை நீட்டுவதற்காக மெல்லன் அறக்கட்டளை 2021இல் ஐம்பது லட்சம் டாலர் வழங்கியிருந்தது. அந்த நீட்சிக்கான இரண்டு பகுதிகளை, நிறவெறிக்கு எதிராகப் பேருந்தேறிப் போனவர்களைப் பற்றியது ஒன்று, பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தைப் பற்றியது மற்றொன்று, பாக்காவின் குழுவினர் அங்கேயே பார்வையாளர்கள் கண்முன் தீட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரிலேயே நின்று வரையாமல், கூடத்தில் தீட்டி எடுத்துப்போய்ப் பொருத்துவது என்பது இப்போதைய முறை. அப்பாவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. வெயிலில் நின்று பார்க்காமல் வெயிலுக்கான நிறத்தை எப்படிக் கலப்பது என்பது அவருடைய கட்சி.

ஆனால் அவர்தான் அங்கிருந்து நகர மறுத்தவரும். ஓர் இளம்பெண் ஒரு கன்னத்தின் நிழலுக்கு மட்டும் அரைமணி நேரம் செலவழித்ததை அவர் கைகட்டி நின்று பார்த்தார். ஒரு பட்டை தீட்டுவாள், பின்னால் நான்கடி வந்து பார்ப்பாள், மறுபடி போவாள். கண்காட்சி என்றால் முடிந்த வேலையைத் துடைத்து வைப்பது என்றே நினைத்திருந்த எனக்கு, முடியாத வேலையைக் காட்டுவது எவ்வளவு துணிச்சலானது என்று அங்கேதான் உறைத்தது. 1987இல் பாக்கா தொடங்கிய ‘உலகச் சுவர்’ என்ற நகரும் ஓவியத் தொகுதியும் இதே குணம் கொண்டது. பத்தடிக்கு முப்பதடி அளவுள்ள பலகைகளை வட்டமாக நிறுத்தி, போகிற நாடுகளின் ஓவியர்கள் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொண்டே போகும்படி அமைத்தார். 1990இல் ஃபின்லாந்தில் முதலில் அது வட்டமாக நின்றது.

எல்லாச் சுவர்களும் பிழைப்பதில்லை. 1984 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக மாரத்தான் வைத்தபோது, ஒரு நெடுஞ்சாலை இறக்கத்தில் பாக்கா வரைந்த ஓட்டக்காரியின் ஓவியத்தை 2019இல் வெள்ளையடித்துவிட்டார்கள். தேர்தலுக்குத் தேர்தல் சுண்ணாம்பு அடித்து, ‘இந்த இடம் ரிசர்வ்டு’ என்று எழுதி, முந்தினவர் எழுத்தை மறைத்துத் தாமே எழுதிய அப்பாவுக்கு அது அதிர்ச்சியாக இல்லை. ஓவியத்தை அழிப்பதற்கு முன் வரைந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அவர் எழுதிய எதையும் அழிப்பதற்கு முன்னால் யாரும் கேட்டதில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய நாள், மறுபடி வாய்க்காலோரம் கூட்டிப்போகச் சொன்னார். இந்தமுறை படத்தைப் பார்க்காமல் நேரே கடைசிக்கு நடந்தார். ஒலிம்பிக் வீரர்கள் வரும் அந்தக் கடைசிப் பகுதியில் வில்மா ருடால்ஃபும் பில்லி மில்ஸும் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டினால் வெறும் சாம்பல் நிறக் கான்கிரீட். அப்பா வேலியோரமாக அந்த வெற்றுச் சுவரின் நீளத்தைக் காலடியால் அளந்துகொண்டே போனார். ஒரு கட்டத்தில் நின்று, விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். வரைந்து முடித்தது மட்டும் முப்பத்தேழாயிரம் சதுர அடிக்குமேல் வரும் என்றார். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு, மீதி இடத்துக்கு எத்தனை டப்பா பிரைமர் வேண்டியிருக்கும் என்று கார் வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.