ஏழாவது கோரிக்கை

எங்கள் நூலகர் சங்கத்தின் மனுவிலிருந்து ஏழாவது கோரிக்கையை எடுக்கச் சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் எடுத்தது சரி என்றுதான் சொல்வேன். அப்புறம் எதற்கு இதை எழுதுகிறாய் என்று கேட்டால், அதற்குத்தான் பதில் இல்லை.

நவம்பர் 14 முதல் 20 வரை, தேசிய நூலக வாரத்தில், சங்கப் பொறுப்பில் இருப்பவன் படும் பாடு நம்மவர்களுக்குத் தெரியும். காலையில் ஓர் ஊரில் புத்தகக் கண்காட்சித் திறப்பு, சாயங்காலம் இன்னோர் ஊரில் வாசகர் வட்டக் கூட்டம், நடுவில் அழைப்பிதழில் யார் பெயர் விட்டுப்போச்சு என்ற பஞ்சாயத்து. இந்த முறை நிறைவு விழாவுக்கு வரும் அதிகாரியிடம் கொடுக்க மனுவும் தயாராக வேண்டியிருந்தது. முதல் கோரிக்கை, ஊர்ப்புற நூலகர்களுக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம் என்ற குறைந்த சம்பளத்துக்குப் பதில் முறையான காலமுறை ஊதியம். ஏழாவது, நூலக வாரத்தில் நன்கொடை கட்டும் புரவலர் இத்தனை பேரைச் சேர்த்தாக வேண்டும் என்று இலக்கு வைக்கக் கூடாது.

ஏழாவதைச் சேர்க்கச் சொன்னவர் ஓர் ஊர்ப்புற நூலகர். அவருடைய நூலகத்துக்குப் போயிருந்தபோது சுவரில் புரவலர் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் ரூபாய் கட்டியவர்கள் பெயர்கள், நீலப் பெயின்ட்டில் வெள்ளை எழுத்து. மேலே ரைஸ் மில்காரர், முன்னாள் ஊராட்சித் தலைவர், ஓய்வுபெற்ற வாத்தியார். கீழே வரவர இனிஷியல்கள் ஒரே சாயலில் இருந்தன. நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "கடைசி மூணும் எங்க வீட்டு ஆளுங்க சார்" என்றார். மாமனார், நாத்தனார், நூலகருடைய சொந்த அம்மா. ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். அடிக்கட்டையிலும் அதே பெயர்கள். பணம் யார் சம்பளத்திலிருந்து போனது என்று நான் கேட்கவில்லை.

"வீட்டு வரியோட ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரின்னு கட்டுறாங்க. அவங்க வீட்டுக்கே போய் மறுபடி ஆயிரம் குடுங்கன்னா யாரு சார் குடுப்பா?"

விழாவுக்கு முந்தின நாள் அதிகாரியின் அலுவலகத்திலிருந்து போன். மிரட்டல் எல்லாம் இல்லை. "சம்பள விஷயம் நல்லா நகர்ந்துட்டு இருக்கு. இந்த நேரத்துல ஏழாவது வேணுமான்னு யோசிங்க" என்றார்கள், அவ்வளவுதான். யோசித்தேன். எடுத்தேன். அந்த நூலகருக்குத் தெரியாமல் நடந்ததாக இருக்கக் கூடாது என்று உடனே கூப்பிட்டுச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. ஓவியப் போட்டி நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும். அப்புறம், "சரி சார். நீங்க பார்த்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நம்பிக்கையோடு சொன்னாரா, இவரும் இப்படித்தானா என்று சொன்னாரா? சண்டை போட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்தது. கூலி கூடினால் இலக்கு இத்தனை வலிக்காது என்று சொல்லியிருப்பேன். இப்போது அதையே திருப்பிக் கேட்டால் நன்றாக இல்லை. சம்பளம் ஏறினால் கைக்காசு போடச் சிரமம் இருக்காது என்றல்லவா அதற்கு அர்த்தம் வருகிறது? நான் அந்த அர்த்தத்தில் நினைக்கவில்லை.

இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதனை நாம் எல்லா மேடையிலும் கும்பிடுகிறோம். 1928-இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் முதல் செயலாளர் அவர். நூலகர்கள் மட்டும் கூடிய சங்கம் இல்லை அது; நூலகம் வேண்டும் என்றவர்கள் கூடியது. இருபது வருஷம் கழித்து, 1948-இல், சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. நூலகத்துக்கு ஊரே வரி கொடுக்கட்டும், ஒருவரும் யாசிக்க வேண்டாம் என்பதுதானே அதன் அடிப்படை? வசூலித்த வரியை உள்ளாட்சிகள், நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு ஒழுங்காகக் கட்டாமல் நிலுவை வைப்பது பழகிப்போன கதை. அந்த நிலுவையைக் கேட்க வேண்டிய நாம் ரசீதுப் புத்தகத்தோடு ரைஸ் மில் வாசலில் நிற்கிறோம். போதாததற்கு, அதிகப் புரவலர் சேர்த்த மாவட்டங்களைப் பாராட்டிச் சங்க மலரில் வாழ்த்துரை எழுதியவனும் நான்தான்.

இப்படி எழுதும்போது ஏழாவதுதான் முதலாவது என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர்கள் நூலகங்கள் இல்லை, நூலகர்கள். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும் ஒருவரிடம் போய், கொள்கைக்காக உங்கள் ஊதியக் கோப்பு கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று எந்த முகத்தோடு சொல்வது? மனுவை அதிகாரி மேடையிலேயே வாங்கினார், முதல் கோரிக்கையை மைக்கில் வாசிக்கவும் செய்தார். கைதட்டல் எழுந்தது. கூட்டத்தில் அந்த நூலகரும் இருந்தார், அவரும் தட்டினார்.

அடுத்த மனுவில் ஏழாவதை முதல் கோரிக்கையாகப் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் பொருளாளர். போடலாம்தான். ஊதிய ஆணை இன்னும் வரவில்லை. அதைக் கீழே தள்ளினால் அன்றைக்குச் சாயங்காலமே எனக்கு எத்தனை போன் வரும் என்று அவருக்கும் தெரியும்.