‘சும்மா ஒரு கேள்விதான், அண்ணே’

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்து ஊரில் கணக்கு, லைசென்ஸ், கடன் விண்ணப்பம் என்று தனியாக ஆலோசனைத் தொழில் செய்பவருக்கு ஆள் பஞ்சம் கிடையாது. சாப்பாட்டுக் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் யாராவது பிடித்துக்கொள்வார்கள். “சும்மா ஒரு கேள்விதான், அண்ணே. என் லோரியை சென்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) பேர்ல மாத்திடலாமா?” கேள்வி அரை நிமிடம். பதில் சொல்ல வேண்டுமானால் அவருடைய வங்கி அறிக்கை, லோரிக் கடன் பத்திரம், போன வருட வரிப் பாரம் மூன்றையும் புரட்டியாக வேண்டும். காசுப் பஞ்சம் தொடங்குவது இங்கேதான்.

காகிதம் பார்க்காமல் சொல்லக்கூடியது இலவசம், காகிதத்தைப் பிரித்துவிட்டால் கட்டணம். இந்த ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டால் பாதிச் சங்கடம் தீரும். தொழில்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிய வருடத்துக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60, தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். இதையெல்லாம் நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். “போன வருஷத்துக்கு எவ்வளவு வரி வரும்?” என்பதற்கு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. குத்துமதிப்பாகச் சொன்ன தொகை, ‘அண்ணனே சொல்லிட்டாரு’ என்று ஊர் சுற்றிவிட்டு, ஜூன் மாதம் சண்டையாகத் திரும்பி வரும்.

கட்டணத்தைப் பக்கத்து ஊர்க்காரர் வாங்குவதைப் பார்த்து வைப்பவர்கள்தான் அதிகம். அவருக்கு மனைவி சம்பளம் இருக்கலாம், வாடகை இல்லாத கடை இருக்கலாம். சொந்தச் செலவிலிருந்து கணக்குப் போடுவதே சரி. உதாரணமாக மாதம் வீட்டுச் செலவு 3,500, கார் பெட்ரோல் 600, தொலைபேசி, இணையம், மை, மென்பொருள் 250, சேமிப்பு, காப்புறுதி, வரி எல்லாம் சேர்த்து 650 என்றால் மொத்தம் 5,000, வருடத்துக்கு 60,000. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் வருடத்தில் 260 நாள். பொது விடுமுறை, பண்டிகை, உடம்புக்கு முடியாத நாள் என்று ஒரு 30 போனால் மிச்சம் 230. அத்தனைக்கும் பில் போட முடியாது. பாதி நாள் ஆளைப் பார்ப்பதிலும் அலுவலக வரிசையிலும் பாக்கி கேட்பதிலும் கரையும். 115 நாளில் 60,000 ரிங்கிட் வர வேண்டுமென்றால் ஒரு நாள் ஏறத்தாழ 520. இந்தத் தொகையை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் மனதில் இருக்க வேண்டும்.

ஒரு லோரிக்காரரின் வருடக் கணக்குக்கு இரண்டரை நாள் பிடிக்கும் என்றால் 1,300. மொத்தமாகக் கேட்டால் முகம் சுருங்கும். மாதம் 110 என்றால் யோசிக்காமல் கொடுப்பார். இதில் காசைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. மாதாமாதம் காசு கொடுப்பவர் மாதாமாதம் ரசீதும் கொண்டுவருவார்.

வருட முடிவில் வரும் அந்தப் பிளாஸ்டிக் பையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். பையின் அடியில் கிடக்கும் பெட்ரோல் ஸ்டேஷன் ரசீது சூட்டில் அச்சாகும் தாள். லோரி டாஷ்போர்டில் சில மாதம் வெயில் பட்டால் எழுத்து போய் வெறும் வெள்ளைத் துண்டாகிவிடும். வரி வாரியமோ ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் எடுத்து, மாதப் பெயரிட்ட கோப்பில் போடச் சொல்லிக்கொடுப்பதுதான் முதல் பாடம். டோல் கட்டணத்துக்கு ரசீது பொறுக்க வேண்டியதில்லை, டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் அறிக்கையை இறக்கிக்கொண்டால் போதும்.

அடுத்த சிக்கல் கைப்பேசி வழியாகக் காசு வாங்கக் கல்லாவில் ஒட்டியிருக்கும் டுவிட்நவ் கியூஆர். பாதிக் கடைகளில் அது மகனுடைய சொந்தக் கணக்கு. அவன் சம்பளம், கடை விற்பனை, நண்பன் திருப்பிக் கொடுத்த கடன் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு எது கடைக் காசு என்று அவனுக்கே தெரியாது. வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, கியூஆர் அட்டையை மாற்றும்வரை அந்தக் கடையின் கணக்கை ஏற்காமல் இருப்பதே நல்லது. இது கறாராகத் தெரியலாம். ஆனால் கலந்த கணக்கைப் பிரிக்க ஆகும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை.

வேறு சில தவறுகள் எல்லாப் பையிலும் இருக்கும். லோரிக் கடனின் மாதத் தவணையை முழுதாகச் செலவில் எழுதியிருப்பார்கள். வட்டி மட்டும்தான் செலவு, அசல் பகுதி, லோரி விலையைப் பல வருடத்தில் பிரித்துக் கழிக்கும் மூலதனக் கழிவு வழியாகப் போக வேண்டும். தனி உரிமையாளர் தனக்கே மாதம் 3,000 சம்பளம் போட்டுக் கழித்திருப்பார், அது செல்லாது. மளிகைக் கடையில் டிசம்பர் 31 இருப்பு எண்ணப்பட்டிருக்காது. மில்லில் சம்பளம் வாங்கிக்கொண்டே கேட்டரிங் செய்பவர், ஏப்ரலில் சம்பளக்காரர்களுக்கான பிஇ வரிப் பாரத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார். வியாபார வருமானம் இருந்தால் அது பி பாரம், கெடு ஜூன் 30, நட்டமானாலும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

இந்த வேலை செய்கிறவர் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்கிறார் என்பதிலும் கவனம் வேண்டும். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 153ஆம் பிரிவின்படி வரி முகவராகச் செயல்பட அங்கீகாரம் வேண்டும். கணக்காளர் என்று பலகை மாட்ட மலேசியக் கணக்காளர் கழகமான எம்ஐஏவில் உறுப்பினராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லாதவர் கணக்கெழுதுவது, ஆவணம் அடுக்குவது, விண்ணப்பத்துக்கு உதவுவது என்ற எல்லைக்குள் நின்று, மற்றதற்கு உரிமம் பெற்ற ஒருவரோடு கைகோத்துக்கொள்ளலாம்.

வாய்ப் பேச்சை நம்பி வேலை தொடங்குவது இங்கே வழக்கம். ஒரு பக்கக் கடிதம் போதும், தமிழிலோ மலாயிலோ. ‘2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுக் கணக்கு தயாரித்தல். கடன் விண்ணப்பம், லைசென்ஸ் புதுப்பிப்பு இதில் சேராது. ஆவணங்கள் மார்ச் 31க்குள் வர வேண்டும். தாமதமானால் வேலை முடியும் தேதியும் தள்ளிப்போகும். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம்.’ இந்த ‘சேராது’ வரிதான் கடிதத்தின் உயிர். கணக்கு முடிகிற நேரத்தில், “அப்படியே தெக்குன்ல ஸ்பூமி கடனுக்கும் எழுதிக் கொடுத்துடுங்க தம்பி” என்று மாமா கேட்பார். இந்தியச் சிறுதொழில்காரர்களுக்கான அந்த அரசுக் கடனுக்கு வியாபாரத் திட்டம், விலைப்பட்டியல், ஆறு மாத வங்கி அறிக்கை என்று தனி வேலை இருக்கிறது. கடிதத்தைக் காட்டினால் கோபம் வராது, விலை மட்டும் கேட்பார். யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அப்பா பேரில் கடை, நடத்துவது மகன், கையெழுத்து அம்மா என்றிருந்தால் ஒரே முடிவை மூன்று தடவை மாற்றுவார்கள்.

சொந்தக்காரர்களுக்குத் தள்ளுபடி கொடுக்காமல் இந்த ஊரில் வாழ முடியாது. கொடுக்கலாம், பில்லில் தெரிகிற மாதிரி. முழுக் கட்டணம் 600, தள்ளுபடி 200, கட்ட வேண்டியது 400. வெறும் 400 என்று எழுதினால் அடுத்த வருடம் அதுதான் விலை, அவர் அனுப்பிவைக்கும் மூன்று பேருக்கும் அதுதான்.

வசூலுக்கு ஊரின் காலண்டர் தெரிய வேண்டும். செம்பனைக் குலை வருடத்தின் பிற்பாதியில், குறிப்பாக ஆகஸ்ட் முதல் அக்டோபர்வரை, நன்றாக விழும். வருடத் தொடக்கத்தில் குறையும். பழ லோரி ஓட்டுபவர், அறுவடைக் குத்தகைக்காரர், அவர்கள் சாமான் வாங்கும் கடை எல்லாரும் அதோடு ஏறி இறங்குபவர்கள். பள்ளி திறப்பு மாதத்திலும் தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரத்திலும் பாக்கி கேட்டால் மனக்கசப்புதான் மிஞ்சும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே பில் போய்ச் சேர வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கு மட்டும் தீபாவளி முடிந்த வாரம் நல்ல நேரம். எவ்வளவு கேட்டும் தராதவர்மேல் வழக்குரைஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் படிவம் 198 வழியாகச் சிறு கோரிக்கை போடலாம். கையெழுத்திட்ட கடிதம் அங்கேயும் பயன்படும்.

பெரிய தோட்ட நிறுவனம் ஒன்று வாடிக்கையாளராக வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் காசு வர 60 நாளாகலாம், நடுவில் நிர்வாகி மாறினால் கோப்பு மேசை இழுப்பறைக்குள் போய்விடும். வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால் அது சம்பள வேலை மாதிரிதான், சம்பள வேலையின் பாதுகாப்பு மட்டும் இருக்காது. 2024 ஆகஸ்ட் 1 முதல் படிப்படியாக வந்த இ-இன்வோய்ஸ் (மின்னியல் பில்) முறை காரணமாக இப்படிப்பட்ட நிறுவனங்கள் வரி அடையாள எண், எஸ்எஸ்எம் எண் இரண்டையும் கேட்கும். முதல் பில்லிலேயே போட்டுவிட்டால் ஒரு மாதம் மிச்சம்.

ஊருக்கெல்லாம் கணக்குப் பார்ப்பவர் தன் கணக்கில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது. தொழிலின் முதல் வருடத்தில், வரியைத் தவணையாக முன்கூட்டியே கட்டச் சொல்லும் சிபி500 கடிதம் பெரும்பாலும் வராது. முதல் பி பாரம் போன பிறகு, பழைய வரியும் புதிய தவணையும் அடுத்தடுத்து வந்து கழுத்தைப் பிடிக்கும். தவணை மார்ச்சில் தொடங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, ஆறு தடவை. வருமானம் இறங்கியிருந்தால் ஜூன் 30க்குள் சிபி502 பாரம் போட்டுத் தவணையைக் குறைக்கலாம். வாங்கும் ஒவ்வொரு கட்டணத்திலும் பத்தில் ஒரு பங்கை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் சமாளிக்கலாம். 60 வயதுக்கு உட்பட்ட சுயதொழில்காரர் ஐ-சரான் திட்டத்தில் பதிந்து ஊழியர் சேமநிதியான இபிஎஃபில் போடும் பணத்துக்கு, 2025 முதல் அரசு 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 ரிங்கிட்வரை சேர்க்கிறது. 2,500 போட்டால் 500 கிடைக்கும்.

ஒரே தெருவில் இரண்டு லோரிக் கம்பெனிக்கும் கணக்கெழுத நேரலாம். ஒருவருடைய டன் கூலி மற்றவர் காதுக்குப் போனால் இரண்டு பேரும் போய்விடுவார்கள். கோப்பு அட்டையில் பெயருக்குப் பதில் எண், மேசையில் ஒரு நேரத்தில் ஒரு கோப்பு, சாப்பாட்டுக் கடையில் கணக்குப் பேச்சே கிடையாது. யாராவது வேறு ஆளிடம் மாறுவதாகச் சொன்னால், மூல ஆவணங்களைப் பட்டியல் போட்டு, இரண்டு பிரதியில் கையெழுத்து வாங்கி, அந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பாக்கிக்காக ரசீதுப் பையைப் பிடித்து வைத்தால், அடுத்த நாளே அவருடைய சித்தப்பா வாசலில் நிற்பார். பாக்கிக்குத் தனி பில் போட்டு, பைக்குள்ளேயே வைத்து அனுப்பலாம்.