கிளிஞ்சல் துகள் வேலை செய்கிறது: கழித்த கோழிகளின் முட்டை ஓடு தேறிவிட்டது

இந்த வாரம் எடுத்த முட்டைகளில் பெரும்பாலானவை 1.080 உப்புக் கரைசலில் (தண்ணீரைப்போல் 1.080 மடங்கு அடர்த்தி) நேராக அடியில் போய் உட்கார்ந்துவிட்டன, ஓடு கெட்டி என்று அர்த்தம். நாமக்கல் பக்கத்துப் பண்ணை ஒன்று வயதாகிவிட்டது என்று கழித்து விற்ற பிவி 300 ரக முட்டைக்கோழிகள் இட்டவை இவை. வந்த புதிதில் கூடையில் வைக்கும்போதே கீறல் விழும், நடுநடுவே ஓடில்லாத தோல்முட்டையும் வரும். "கழித்த கோழி அப்படித்தான் இடும், குழம்புக்குப் போடு" என்றவர்களுக்கெல்லாம் இப்போது முட்டையைக் கையில் கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

முட்டைக்கோழிக்கான லேயர் தீவனத்தில் கால்சியம் போதுமான அளவு இருந்தது. ஆனால் எல்லாமே மாவு. ஓடு கட்ட ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில்தான் நடக்கிறது. பகலில் தின்ற சுண்ணாம்புக் கல்மாவு அதற்குள் குடலைக் கடந்துவிடும். அப்புறம் கோழி தன் எலும்பைக் கரைத்துத்தான் ஓட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு ஓட்டுக்கு 2 கிராமுக்கு மேல் கால்சியம் தேவை. வயதான கோழியின் முட்டை பெரிதாகிக்கொண்டே போகும், ஓட்டுக்கான சரக்கு மட்டும் கூடாது. அதே கால்சியத்தைக் கிளிஞ்சலாக, 2 முதல் 4 மி.மீ. துகளில் கொடுத்தால் அது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தனித் தொட்டியில், மதியத்துக்குமேல் வைக்கிறேன். தேவையான கோழி தானே வந்து கொத்துகிறது.

அந்த அளவில் துகள் கிடைப்பதுதான் பெரும்பாடு. கிரிட் (கொரகொரப்பான துகள்) என்று ஒரு தீவனக் கடையில் வாங்கிய மூட்டையில் பாதி மாவு. இன்னொரு இடத்தில் மணல் கலந்திருந்தது. எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டால் உண்மையான கிளிஞ்சல் பொங்கும், மணல் சும்மா கிடக்கும். வாங்கும் இடத்திலேயே பார்த்துவிடுங்கள். வெள்ளையடிக்க விற்கும் சுட்ட கிளிஞ்சலைத் தொடவே வேண்டாம், அது கோழியின் வாயையும் தொண்டையையும் வேகவைத்துவிடும். நான் பச்சைக் கிளிஞ்சலாக வாங்கி, உரலில் இடித்து, இரண்டு சல்லடையில் சலிக்கிறேன். மேல் சல்லடையில் நிற்பது திரும்ப உரலுக்கு, கீழே விழும் மாவு செடிக்கு, நடுவில் நிற்பது கோழிக்கு.

சரி, உப்புக் கரைசல். ஓடுதான் முட்டையிலேயே கனமான பாகம். ஓடு மெலிந்தால் முட்டையின் அடர்த்தி குறையும், மிதக்கும். 1.070, 1.075, 1.080, 1.085 என நான்கு வாளி வைத்திருக்கிறேன். 1.080க்கு மூன்று லிட்டர் தண்ணீருக்கு 365 கிராம் உப்பில் தொடங்கலாம். ஆனால் எடையை மட்டும் நம்பாதீர்கள். கல்லுப்பில் ஈரம் இருக்கும். அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு, சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். லேசான கரைசலில் தொடங்கிக் கனமானதற்குப் போக வேண்டும், எந்த வாளியில் முதலில் மிதக்கிறதோ அதுதான் கணக்கு. ஒவ்வொரு முட்டையும் கொஞ்சம் தண்ணீரை அடுத்த வாளிக்குக் கொண்டுபோகும் என்பதால் நடுவில் திரும்ப அளக்க வேண்டும். அன்று இட்ட முட்டையை அன்றே பாருங்கள். வைத்திருந்தால் உள்ளே காற்றறை பெருத்து, நல்ல ஓடும் மிதந்து ஏமாற்றும்.

ஒரு கோழி மட்டும் வழிக்கு வரவில்லை. ஓடு வரிவரியாகச் சுருங்கியிருக்கிறது, உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுகிறது. ஐபி என்ற வைரஸ் மூச்சுக்குழல் நோய் வந்து போன கோழிகளில் இப்படி ஆகும், அதற்குக் கிளிஞ்சல் மருந்தில்லை. ஆனாலும் விட மனசில்லை, தனிக் கூண்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை வெயிலுக்கு இப்போதே தயாராகிறேன். வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ஓடு கட்டுவதற்கான பைகார்பனேட் இரத்தத்தில் குறைந்துவிடும். இந்த முறை தீவனத்தில் உப்பைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் சமையல் சோடா சேர்க்கப் போகிறேன். தீவனத்தை விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்தும் மட்டும் வைப்பேன். இளம் பெட்டைகளும் வர இருக்கின்றன. அதிகக் கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், முட்டையிடும் பருவம் நெருங்கும்வரை கிளிஞ்சல் தொட்டி எட்டாதபடி நடுவே வலை அடிக்க வேண்டும். வலை வாங்கிவிட்டேன், கம்பம்தான் இன்னும் நடவில்லை.