தொட்டிக்கு மூடி, விசிறிக்குப் பெயர்

அங்கன்வாடிக்கு ஏதாவது செய்யலாம் என்றாலே எங்கள் ஊர் லயன்ஸ் சங்கத்தில் பெயர் எழுதிய மின்விசிறிதான். (பெயர் பெரிதாகவே இருக்கும்.) இந்த முறை நான் விடவில்லை. தரைத்தொட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டோம். தவழும் குழந்தைக்கு ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து.

அப்புறம் ஒரு செவிலியர் வந்து, தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று பொம்மையை வைத்துக் காட்டினார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தலை தாழ, முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வெளியே வரவில்லையா, மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவவே கூடாது. பாட்டிகள்தான் அதிகம் கேள்வி கேட்டார்கள்.

அடுத்தது பக்கத்துத் தெரு அங்கன்வாடி. மின்விசிறிக் கட்சி இன்னும் ஓயவில்லை.