டோக்கியோவில் மாசி வாசம்

2024 அக்டோபர் 19, சனி

வந்து பதினேழு நாள். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் ஒற்றை அறை, ஒற்றை அடுப்பு. 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கம்ப்யூட்டரெல்லாம் படுத்துவிடும் என்று ஒரு பயம் இருந்ததே, அதைச் சரிசெய்ய வந்த நம்மாட்கள் தோசாய் ரயில் பிடித்து ஆபீஸ் போக வசதி என்று இந்தப் பக்கம் குடியேறினார்களாம், அந்தப் புண்ணியத்தில் உளுந்தும் இட்லி அரிசியும் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கிறது. ஆக அம்மாவின் முதல் கவலை தீர்ந்தது.

கடையில் விற்கும் ஒனிகிரி (சோற்று உருண்டை) உறையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசையில் பிரித்தால்தான் சோற்றில் படாமல் தனியாக வைத்திருக்கும் கடற்பாசித் தாள் மொறுமொறுவென்று வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு மூன்றாவது முதலில் வந்து, தாள் கிழிந்து, சோறு சட்டைப்பையில் விழுந்தது. உள்ளே ஊமெபோஷி. உப்பில் ஊறிய புளிப்புப் பழம். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பழைய சோறும் நார்த்தங்காயும்தான்.

நட்டோவும் வாங்கினேன். நொதித்த சோயா பயறு, நூல் நூலாக இழுக்கும். குப்பைக்குப் போனது. எந்தக் குப்பை, எந்தக் கிழமை என்பது தனிப் படிப்பு.

நவம்பர் 14, வியாழன்

சூப்பர் மார்க்கெட்டில் இரவு எட்டு மணிக்கு ஒருவர் ஸ்டிக்கர் கட்டோடு வருவார். அன்றைக்கே விற்றாக வேண்டிய டப்பாக்களில் ‘ஹங்காகு’, அதாவது பாதி விலை என்று ஒட்டிக்கொண்டே போவார். அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே அந்த அலமாரியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் ரொம்பத் தீவிரமாகத் தயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, அவரையும் பார்ப்பதில்லை. ஒட்டிய மறுநொடி கைகள் நீளும். இன்று நானும் தயிரைப் பார்த்தேன். பொரித்த கானாங்கெளுத்தி பாதி விலைக்குக் கிடைத்தது.

டிசம்பர் 21, சனி

இன்று குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு. இன்றைக்குப் பூசணி சாப்பிட வேண்டும், யுசு பழம் மிதக்கும் வெந்நீரில் குளிக்க வேண்டும், சளி பிடிக்காது என்று ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, சொன்னால் தட்ட முடியாது.

கபோச்சா பூசணியைச் சோயா சாஸும் சர்க்கரையும் போட்டு வேகவைத்து விற்கிறார்கள். நம் பரங்கிக்காய் இனிப்புக் கூட்டுக்குச் சொந்தக்காரன், தேங்காய்தான் இல்லை. குளியலுக்குப் பொதுக் குளியலறை, செந்தோ, 550 யென். உள்ளே ஒட்டுத்துணி கூடாது. தாமிரபரணியில் துண்டைக் கட்டிக்கொண்டு முங்கியே பழக்கப்பட்டவன் வாசலில் ஐந்து நிமிடம் காலணிப் பெட்டியின் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளே போனால், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லாரும் கிழவர்கள். எலுமிச்சை மாதிரி மஞ்சள் பழங்கள் தோளில் வந்து இடித்துக்கொண்டே இருந்தன. மூன்று மாதக் குளிர் ஒரே இரவில் எலும்பைவிட்டு இறங்கியது. வெளியே வந்து ஒரு பாட்டில் பால். இனி வாராவாரம்.

2025 ஜனவரி 7, செவ்வாய்

ஏழு கீரை போட்ட கஞ்சி குடிக்கும் நாள். புத்தாண்டில் தின்று தீர்த்த வயிற்றுக்கு ஓய்வு. ஏழும் சேர்த்து ஒரு சின்ன டப்பாவில் விற்கிறார்கள், ஏழில் முள்ளங்கியும் டர்னிப்பும்தான் அடையாளம் தெரிந்தன, மற்றவை வரப்போரத்துப் புல் மாதிரி இருந்தன. காய்ச்சலே இல்லாமல் கஞ்சி குடிக்க ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றதும் அம்மாவுக்கு இந்த ஊர் மேல் முதல் முறையாக மரியாதை வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

வறுத்த சோயாவை எறிந்து பேயை விரட்டும் நாள், செத்சுபுன். வயசுக்கு எத்தனையோ அத்தனை பயறு சாப்பிட வேண்டும். முப்பத்திரண்டு. எண்ணியபோது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

மார்ச் 8, சனி

சுகிஜி போனேன். பெரிய மீன் ஏலச் சந்தை 2018-லேயே தொயோசுவுக்குப் போய்விட்டது, ஆனால் அதைச் சுற்றியிருந்த கடைத்தெரு அங்கேயே இருக்கிறது. கூட்டம் தள்ள, தள்ளிய பக்கம் போய்க்கொண்டிருந்தவன் ஒரு கடை முன்னால் நின்றுவிட்டேன். கண் எதையும் பார்க்கவில்லை, மூக்குதான் நிறுத்தியது. மாசி.

தூத்துக்குடிக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காக: சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காயவைத்தால் மாசி. மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் செய்வது. பாட்டி அதை அம்மியில் நசுக்கி, வரமிளகாய், தேங்காய், சின்ன வெங்காயத்தோடு சம்பல் அரைப்பாள். எங்கள் தெருவில் யார் வீட்டில் மாசி நசுக்கினாலும் சாயங்காலத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

இங்கே அதன் பெயர் கட்சுவோபுஷி. அதே சூரை, அதே அவியல், அதே புகை. உயர்ந்த ரகத்துக்கு மட்டும் அதற்கு மேலே ஒரு பூஞ்சையை வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி வளரவிட்டு, மாதக்கணக்கில் ஈரத்தை உறிஞ்ச வைக்கிறார்கள். கடைக்காரர் இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார், டிங் என்றது. மீன் இல்லை, தேக்கு. தச்சரின் இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டி மேல் வைத்த மாதிரி ஒன்றில் இழைத்தார், ரோஜா நிறத்தில் சீவல் விழுந்தது. வாயில் போட்டால் கரைகிறது. ஐந்து மாதமாக உடான் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) குழம்பிலும் மிசோ சூப்பிலும் நான் குடித்துக்கொண்டிருந்தது இதன் சாறுதான், எனக்கு உறைக்கவில்லை. அவ்வளவு மெலிதாக்கி, வெந்நீரில் காட்டிவிட்டு வடித்துவிடுகிறார்கள். பாட்டி பார்த்தால் சக்கையை வீணாக்குகிறான் என்று சண்டைக்கே போயிருப்பாள்.

கடைக்காரரிடம் எங்கள் ஊரிலும் இது உண்டு என்று உடைந்த ஜப்பானியத்தில் சொன்னேன். அவர் ரொம்ப மரியாதையாக, நம்பாமல், தலையாட்டினார்.

மார்ச் 9, ஞாயிறு

முழுக்கட்டை கட்டுப்படியாகாது என்று சீவல் பாக்கெட்தான் வாங்கியிருந்தேன். நேற்று ராத்திரி சம்பல் அரைத்துப் பார்த்தேன், உருப்படவில்லை. சீவல் ஈரம் பட்டதும் பசையாகிவிட்டது. இன்று முதலில் வெறும் வாணலியில் மொறுமொறுவென்று வாட்டி, கையால் நொறுக்கி, உறைந்த தேங்காய்த்துருவலை இளக்கி வறுத்து, மிளகாய், பெரிய வெங்காயம் (சின்னது கிடைக்கவில்லை), கடைசியில் எலுமிச்சைச் சாறு. பாட்டியுடையதில் பாதி வந்தது. பாதி போதும். ஜன்னலைத் திறந்துவைத்தேன், பக்கத்து வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

மே 22, வியாழன்

அரிசி விலையைத் தவிர வேறு பேச்சில்லை. ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டி நிற்கிறது. இந்த நேரம் பார்த்து வேளாண் அமைச்சர், ஆதரவாளர்கள் நிறையத் தருவதால் தான் அரிசியே வாங்கியதில்லை என்று பேசப்போக, நேற்று பதவி போயிற்று. சோற்று விஷயத்தில் வாயை விட்டால் எந்த ஊரிலும் தப்பிக்க முடியாது போல. நான் இந்தியக் கடை சோனா மசூரிக்கு மாறி இரண்டு மாதமாகிறது.

ஜூலை 5, சனி

ரயில் பிளாட்பாரத்தில் பானம் விற்கும் மெஷினில் சிவப்புப் பட்டி போட்ட சூடான டப்பாக்கள் எப்போதோ போய்விட்டன, எல்லாம் நீலம், எல்லாம் ஜில். கடையில் வெண்டைக்காய் வந்துவிட்டது, இங்கேயும் அதற்கு ஆங்கிலத்து ஓக்ரா மாதிரி ஒகுரா என்றுதான் பெயர். லேசாக வெந்நீரில் காட்டி, வழவழப்போடு அப்படியே சாப்பிடுகிறார்கள். வழவழப்பு போகத்தான் நாம் மோர் ஊற்றி, வெயிலில் காயவைத்து, என்னவெல்லாம் செய்கிறோம்.

பக்கத்து சீட்டுக்காரருக்குப் போன வாரம் ஒரு குப்பி சம்பல் கொடுத்திருந்தேன். காரம் தாங்குவாரா என்று பயந்தேன். நேற்று காலிக் குப்பியைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார், நட்டோவில் கலந்து சூடான சோற்றில் சாப்பிட்டாராம், நான்கு நாளில் தீர்ந்துவிட்டதாம். முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை.

இன்று நட்டோ வாங்கினேன். ஒன்பது மாதத்துக்கு அப்புறம். கலக்கினேன், நூல் வந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாவது கிண்ணம் சோறு வைத்தேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.