பைகார்பனேட் டெஸ்ட் படுத்திய பாடு

அம்மாவுக்குக் கிட்னி பிரச்சினை, நான்காம் நிலை. ரத்தத்தில் சேரும் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் குறைந்து 17 என்று வந்ததும் டாக்டர் சோடியம் பைகார்பனேட் 500 மி.கி. மாத்திரையை மூன்று வேளைக்கு எழுதினார். ஆரம்பத்தில் ஏப்பமும் வயிற்று உப்புசமும் இருந்தன, அப்புறம் பழகிவிட்டது. வைத்தியம் இவ்வளவுதான். அலைந்ததெல்லாம் டெஸ்டுக்கு.

மறுபடி பார்க்க ஆர்எஃப்டி, அதாவது கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்த டெஸ்ட், கொடுத்தோம். ரிப்போர்ட்டில் யூரியா, கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கிறது, பைகார்பனேட் மட்டும் இல்லை. “பேக்கேஜ்ல அது வராது மேடம், தனியா எழுதி வாங்கிட்டு வாங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். ஏற்கெனவே நரம்பு கிடைக்காத கை. திரும்பவும் ஊசி.

இந்த முறை வீட்டுக்கே ஆள் வந்தார். விடிகாலையில் எடுத்த குழாயைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே அடுத்தடுத்த வீடுகளுக்குக் கிளம்பிவிட்டார். மாலையில் ரிப்போர்ட்: 13.

மாத்திரை சாப்பிட்டும் இறங்குமா? அடித்துப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கேஷுவாலிட்டியில் ரத்தம் எடுத்த கையோடு மெஷினில் போட்டார்கள். 20! “சாம்பிள் எங்க எடுத்தீங்க? லேபுக்கு எப்போ போச்சு?” என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். குழாய் சரியாக நிரம்பாவிட்டாலோ, மூடி திறந்து கிடந்தாலோ, தாமதமானாலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, அளவு பொய்யாகக் குறையுமாம். 13ஐ நம்பி டோஸைக் கூட்டியிருந்தால் அம்மாவின் கால் வீக்கம்தான் ஏறியிருக்கும். ஒரு கிராம் மாத்திரையிலேயே 270 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. பிரஷர் வேறு. அதனால் பைகார்பனேட்டுக்கு மட்டுமாவது லேப் இருக்கும் இடத்துக்கே போய் ரத்தம் கொடுங்கள்.

அடுத்தது மருந்துக்கடை. மாத்திரை ஸ்டாக் இல்லை என்று நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் ஒரு சிரப்பை நீட்டினார். “இதுவும் ஆல்கலிதான், ஒண்ணும் பண்ணாது.” லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பொட்டாசியம் சிட்ரேட். கிட்னி பழுதானால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும்; அம்மாவுக்கு அப்போதே 5.4, அதுவே அதிகம். சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. கிட்னி நோயாளி என்று சொல்லியும் தருகிறார்களே! பெரியம்மா பாசத்தோடு கொண்டுவரும் வாழைத்தண்டுச் சாறும் இதே பொட்டாசியம் கணக்கில்தான் வரும். அதை நானே குடித்துவிடுகிறேன்.

சாப்பாட்டிலும் மாற்றம் உண்டு. பொட்டாசியம் குறையட்டும் என்று காய்களைப் பொடியாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து வடித்துத்தான் சமைக்கிறோம். கறி, மீனைக் குறைத்தாயிற்று, அதுவும் டயட்டீஷியன் சொன்ன அளவுக்குத்தான். இரும்புச்சத்து மாத்திரையைப் பைகார்பனேட் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் உடம்பில் சரியாக ஒட்டாது என்பதால் அதற்கு வேறு நேரம்.

போன வாரம் ஆஸ்பத்திரி லேபிலேயே கொடுத்தோம், 23 வந்தது. டோஸை அப்படியே வைத்திருக்கிறார். அடுத்த முறைக்கான சீட்டில் ‘பைகார்பனேட்’ என்று தனியாக எழுதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன்.