செந்தூல் வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்

அம்மாவின் முழங்கால் இனி மாடிப்படி ஏறாது. அதனால் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் இரண்டு மாடி வரிசை வீட்டை விற்றுவிட்டு, தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் மின்தூக்கி உள்ள அடுக்குமாடிக்குப் போகலாம் என்று முடிவெடுத்தோம். அம்மா இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறார். அவர் சமைத்து, குளித்து, சாமி கும்பிடும் வீட்டைத்தான் முன்பின் தெரியாதவர்கள் வந்து பார்க்கிறார்கள். அதை மனத்தில் வைத்துத்தான் ஒவ்வொரு வேலையையும் செய்தேன்.

பெயிண்டில் தொடங்காதீர்கள், கூரையில் தொடங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். கோலாலம்பூரின் சாயங்கால மழை எந்த வீட்டையும் விட்டுவைப்பதில்லை. எங்கள் மாடி அறையின் சீலிங்கில் தேநீர் நிறத்தில் ஒரு கறை இருந்தது. வெள்ளை பெயிண்டை அதன்மேல் அப்படியே அடித்தால் கறை மறுபடியும் மேலே ஊறி வந்துவிடும். முதலில் கூரை ஓடுகளை மாற்றி, ஒழுகல் நின்றதா என்று சில மழைகள் பார்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு கறையை அடக்கும் அடிப்பூச்சு பூசி, கடைசியில்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். வீட்டை விற்றுத் தரும் ஏஜெண்ட் அவசரப்படுத்தினார். நான் அசையவில்லை. வாங்குகிறவர் வாழ்நாள் கடனை எடுத்து வருகிறார். முதல் மழையிலேயே அவர் தலையில் தண்ணீர் சொட்டினால் அந்தப் பாவம் யாருக்கு?

பின்பக்கம் நீட்டிக் கட்டிய சமையலறை இன்னொரு விஷயம். பழைய வரிசை வீடுகளில், பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக விரிசல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுக்கும் அடித்தளம் வேறு; புதியது தனியாக அமிழும். அந்த விரிசலை அலமாரி வைத்து மறைக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். வளைந்து கொடுக்கும் பூச்சால் இடைவெளியை அடைத்தோம். இடத்தை மறைக்காமல், வருகிறவர்களிடம் நானே கைகாட்டிச் சொல்கிறேன். அந்தக் கட்டுமானத்துக்கு அப்பா மாநகராட்சியில் வாங்கிய அனுமதி வரைபடத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் அதைக் கட்டாயம் கேட்கிறார்கள்.

சமையல் மேடையில் மஞ்சள் கறை. தேய்த்துப் பாதி போனது, ஜன்னல் திரையை விலக்கி வெயில் பட விட்டதில் மீதியும் மங்கியது.

சாமி மேடையைப் பற்றித்தான் பெரிய பேச்சு நடந்தது. "ஆன்டி, வேறு இனத்தவரும் பார்க்க வருவார்கள். படங்களைக் கொஞ்ச நாள் எடுத்து வைத்துவிடலாமா?" என்று ஏஜெண்ட் தயக்கத்தோடுதான் கேட்டார். அம்மா அவரை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்துவிட்டு, "தம்பி, நான் இந்த வீட்டை விட்டுப் போகிற அன்றைக்கு முருகனும் என்னோடு வருவார். அதுவரை அவர் இங்கேதான் இருப்பார்" என்றார். எனக்கும் அதுவே சரி. நான் செய்ததெல்லாம், மேடைக்கு மேலே சுவரில் பல வருடமாகப் படிந்த விளக்குக் கரியைத் துடைத்து, அந்த ஒரு சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்ததுதான். ஆட்கள் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு சாம்பிராணி போடுவதை மட்டும் அம்மா தள்ளி வைக்கிறார். புகை சிலருக்கு மூச்சை அடைக்கும். இதுவரை யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு சீனக் குடும்பத்துப் பாட்டி மேடை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஆர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நகை, பாஸ்போர்ட், வங்கிப் புத்தகம், மருந்து எல்லாம் ஒரே பெட்டியில் பூட்டித் தம்பி வீட்டுக்குப் போய்விட்டன. இதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

பலர் காலை வெயிலில்தான் வீட்டைக் காட்ட விரும்புகிறார்கள். கூரையைச் சரிசெய்துவிட்டால் மழை நேரத்திலும் தைரியமாக வரச் சொல்லுங்கள். போன வாரம் ஒரு தம்பதியர் கொட்டும் மழையில் வந்து, மாடி அறையில் நின்று சீலிங்கை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்கள். அதைவிட நல்ல சாட்சி என்னால் தர முடியாது. 2023 மார்ச்சில் திறந்த செந்தூல் பாராட் எம்ஆர்டி ரயில் நிலையத்தைப் பற்றியும் அவர்கள் கேட்டார்கள். மழை விட்டதும், நீங்களே நடந்து பாருங்கள் என்று வழி சொல்லி அனுப்பினேன்.

ஏஜெண்டைப் பொறுத்தவரை, அவர் கழுத்தில் தொங்கும் அட்டையின் பதிவு எண்ணை, சொத்து ஏஜெண்டுகளைப் பதிவு செய்யும் வாரியத்தின் இணையத்தளத்தில் சரிபாருங்கள். சட்டப்படி அவர்களின் கட்டணம் விற்பனை விலையில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. சேவை வரி தனி. நிலவரி, மதிப்பீட்டு வரி ரசீதுகளை ஒரே கோப்பில் வையுங்கள்.

மழையில் வந்த அந்தத் தம்பதியர் சனிக்கிழமை தங்கள் பெற்றோருடன் மறுபடியும் வருகிறார்கள். அதற்குள் கீழ்க் கழிப்பறையின் கதவுத் தாழ்ப்பாளை மாற்ற வேண்டும்.